எஞ்சின் விலை வேறு, பொருத்தி முடிக்கும் செலவு வேறு

பழைய வாகனம் ஒன்று முற்றத்தில் நிற்கிறது. உடம்பு உறுதியாக இருக்கிறது, எஞ்சின்தான் களைத்துவிட்டது. புதிய வாகனம் வாங்குவதற்குக் கையிருப்புப் போதாது. அப்படியானால் இந்த உடம்புக்குள் நவீன எஞ்சின் ஒன்றைத் தூக்கி வைத்தால் என்ன?

வாகன உதிரிப்பாகத் தொழிலில் நீண்டகாலமாக இருப்பவன் என்பதால், இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத வியாபார நண்பர்கள் குறைவு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் இக்கேள்வி அதிகமாயிற்று. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கான தடை நீங்கியது. ஆனால் வரிகளையும் சேர்த்து விலையைக் கேட்டவர்களில் பலர் மறுபடியும் முற்றத்தில் நிற்கும் பழைய வாகனத்தையே திரும்பிப் பார்த்தார்கள்.

இதற்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரே சொல்லில் பதில் கூற முடியாது. கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய விடயம் இது. இந்தக் கணக்கைக் கற்றுக்கொள்ள இலங்கையில் யாழ்ப்பாணத்தை விடப் பொருத்தமான இடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. மற்ற ஊர்களில் சிலருக்குப் பொழுதுபோக்காக இருக்கும் இந்த வேலை அங்கே பலருக்குப் பிழைப்பாக இருந்து வந்திருக்கிறது. யாழ் நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால் சில கிலோமீற்றரில் கொக்குவில் வந்துவிடும். ஒருகாலத்தில் சுருட்டுத் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்குள்ள பட்டறை ஒன்றில் அண்மையில் இரண்டு நாட்கள் இருந்து பார்த்தவற்றையும், இத்துறையில் எனக்குத் தெரிந்தவற்றையும் சேர்த்து இவ்வாரம் எழுதுகிறேன்.

தட்டிவான் காட்டிய வழி

மேல்நாடுகளில் ‘கிட் கார்’ என்று ஒரு வகை உண்டு. தொழிற்சாலை முழுக் காரையும் தராது. சட்டகம், தகடுகள், அச்சுகள் என்பவற்றைப் பெட்டியில் போட்டுத் தரும். வாங்கியவர் தன் வீட்டுக் கொட்டகையில் வைத்துப் பூட்டிக்கொள்வார். எஞ்சினைத் தனக்குப் பிடித்த இடத்தில் வாங்கிக்கொள்வார்.

இந்தப் பழக்கம் பரவியதற்கு வரியும் ஒரு முக்கிய காரணம். இங்கிலாந்தில் முழுக் காருக்குக் கொள்வனவு வரி இருந்தது. பாகங்களாக வாங்கினால் அந்த வரியிலிருந்து தப்பலாம். 1957இல் வந்த லோட்டஸ் செவன் என்ற சிறிய கார் இப்படித்தான் பிரபலமானது. 1973இல் அந்த வரி போய் பெறுமதி சேர் வரி வந்தபோது கிட் காரின் வரி இலாபமும் போய்விட்டது. அதே ஆண்டில் லோட்டஸ் நிறுவனம் அந்தக் காரின் உரிமையைக் கேட்டர்ஹாம் என்ற விற்பனை நிலையத்துக்குக் கொடுத்தது. கேட்டர்ஹாம் அந்தப் பழைய உருவத்தை மாற்றாமல் அவ்வப்போது புதிய எஞ்சின்களைப் பொருத்தி விற்றே நிலைத்துவிட்டது. சுஸுகியின் 660 சி.சி. எஞ்சின் கூட அந்தச் சிறிய உடம்புக்குள் போயிருக்கிறது.

இதை வாசித்து நாம் வியக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தின் தட்டிவான் வேறென்ன? கப்பலில் வந்தது சேஸியும் எஞ்சினும். அதன்மேல் பலகையால் உடம்பு கட்டியவர் உள்ளூர்த் தச்சர். பின்பக்கத்தில் சங்கிலியால் தொங்கும் தட்டியில் மரக்கறிச் சாக்கும் வாழைக்குலையும் ஏற்றிக்கொண்டு சந்தைக்கும் ஊருக்கும் ஓடியது. யாரும் அதற்குக் ‘கிட் கார்’ என்று பெயர் வைக்கவில்லை. ஆனால் வேலை அதே வேலைதான். ஒரு தொழிற்சாலையின் பாகத்தோடு இன்னொருவரின் கைவேலையை இணைத்து, அதைத் தினமும் உழைக்கக்கூடிய வாகனமாக்குவது. இன்று கொக்குவில் பட்டறைகளில் நடப்பதும் அதன் தொடர்ச்சியே.

தட்டுப்பாடு வளர்த்த கைத்திறன்

குடாநாட்டு வீதிகளில் நீண்ட காலம் ஓடியவை ஓஸ்டின் ஏ40, ஓஸ்டின் கேம்பிரிட்ஜ், மொரிஸ் மைனர், மொரிஸ் ஒக்ஸ்போர்ட் போன்ற பிரித்தானியக் கார்கள். உலகின் மற்றப் பகுதிகளில் அவை நூதனசாலைக்குப் போன பின்னரும் யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார்களாக உழைத்தன. உரிமையாளர்களின் பழைமைப் பற்று மட்டும் இதற்குக் காரணமல்ல. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல், டீசல், உதிரிப்பாகங்கள் போவது தடைப்பட்டது. உள்ளே இருந்த வாகனங்களே எல்லா வேலையும் செய்ய வேண்டியிருந்தது.

அக்காலத்தில் அங்கே கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலைக் கொண்டு ஸ்டார்ட் செய்வார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். புதிய கார்களை விடப் பழைய கார்கள் இதற்கு ஈடுகொடுத்ததற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. மண்ணெண்ணெய் கலந்த காற்றை எஞ்சின் அதிகமாக நெருக்கினால், தீப்பொறி முறையாகப் பற்றவைத்த பின்னர் எஞ்சிய கலவை தானாகவே வெடித்து எஞ்சின் ‘தட்டத்’ தொடங்கும். அந்த வெடிப்பு பிஸ்டனைச் சிதைத்துவிடும். 1952இல் வந்த ஏ40 சமர்செட் காரின் 1200 சி.சி. எஞ்சின் காற்றை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காக மட்டுமே நெருக்கும். பின்னாளில் வந்த ஜப்பானிய பெற்றோல் எஞ்சின்களில் அது ஒன்பதில் ஒரு பங்கும் அதற்கு மேலும் ஆயிற்று. ஆகவே குறைந்த வலுவுள்ள கிழட்டு எஞ்சின் மோசமான எரிபொருளையும் சமாளித்தது. அப்படி ஓடியதற்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். பிளக்கில் கரி படியும். தேய்மானம் கூடும். அதைத் திறந்து, தேய்த்து, கடைந்து, மீண்டும் மூட வேண்டும். இந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தே ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் கை தேர்ந்தார்கள்.

இத்தொழிலில் நமது சமூகத்தவருக்கும் ஓர் இடம் இருந்ததை வாசகர்கள் அறிவார்கள். யாழ்ப்பாணத்தில் இரும்புச் சாமான், பழைய இரும்பு, லொறி என்று தொழில் செய்தவர்கள் நம்மிடையே பலர். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கடையையும் வாகனத்தையும் அப்படியே விட்டு வந்தவர்களில் எனது குடும்பமும் ஒன்று. புத்தளத்திலும் பின்னர் கொழும்பிலும் உதிரிப்பாகத் தொழிலை முதலிலிருந்து தொடங்கினோம். 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தபோது நான் முதலில் போய்ப் பார்த்த இடங்களில் பட்டறைகளும் அடங்கும். பாகம் விற்பவனுக்கும் பாகம் பூட்டுபவனுக்கும் உள்ள உறவு அப்படி. 2006 ஆகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டு, போர் முடிந்தபின் திறந்தது. அதன்பிறகு ஜப்பானிய, இந்திய வாகனங்கள் வடக்கே தாராளமாகப் போயின. பழைய பிரித்தானியக் கார்களின் உரிமையாளர்கள் இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியதாயிற்று. தென்பகுதியிலிருந்து வரும் சேகரிப்பாளருக்கு விற்பது, அல்லது எஞ்சினை மாற்றித் தொடர்ந்து ஓடுவது.

பெரிய கம்பனிகளும் செய்த வேலை

பழைய உடம்பில் புதிய எஞ்சின் வைப்பதைப் பட்டறைக்காரரின் ஒட்டு வேலை என்று சிலர் ஏளனமாகப் பேசுவதுண்டு. அது சரியல்ல. பெரிய கம்பனிகளும் அதையே செய்திருக்கின்றன.

இந்தியாவின் அம்பாசடர் காரை எடுத்துக்கொள்வோம். அது மொரிஸ் ஒக்ஸ்போர்டின் வாரிசு. 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை உற்பத்தியானது. நீண்ட காலம் அதில் இருந்தது 1489 சி.சி. பி.எம்.சி. எஞ்சின். ஓஸ்டின் கேம்பிரிட்ஜ் ஏ55இல் இருந்ததும் அதே குடும்பத்து எஞ்சின்தான். 1990களில் ஹிந்துஸ்தான் மோட்டர்ஸ் கம்பனி அதே உடம்புக்குள் ஜப்பானின் இஸுஸு 1.8 லீற்றர் பெற்றோல் எஞ்சினை வைத்து விற்றது. வலு சுமார் 75 குதிரை. பழைய எஞ்சினை விட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இந்தியாவின் இன்னொரு கம்பனியான பிரீமியர் 1980களின் நடுப்பகுதியில் ‘118 என்.இ.’ என்ற காரை வெளியிட்டது. உடம்பு இத்தாலியின் ஃபியட் 124. எஞ்சின் நிஸானின் 1171 சி.சி. ஏ12. பெயரில் உள்ள ‘என்.இ.’ என்பதே நிஸான் எஞ்சின் என்பதன் சுருக்கம்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் கம்பனிகள் எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டு நிற்கவில்லை. அம்பாசடரில் இஸுஸு எஞ்சினோடு ஐந்து கியர் பெட்டியும் சேர்ந்து வந்தது. பிரீமியரில் நிஸான் எஞ்சினோடு நிஸான் கியர் பெட்டியும் வந்தது. எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே ஜோடியாக வந்தால்தான் இணைப்பு இலகு என்பது அவர்களுக்குத் தெரியும். அதைக் கொக்குவில் மெக்கானிக்கும் அறிவார்.

இலங்கையில் மொரிஸ் மைனருக்கு நிஸான் ஏ வகை எஞ்சினைப் போடுவது பழகிப்போன வழக்கம். இதில் ஒரு சுவையான வரலாறும் இருக்கிறது. 1952 டிசம்பரில் நிஸான் கம்பனி ஓஸ்டினுடன் ஒப்பந்தம் செய்து, ஏ40 சமர்செட் காரையும் பின்னர் ஏ50 கேம்பிரிட்ஜ் காரையும் ஜப்பானில் பொருத்தியது. தொடக்கத்தில் பாகங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. சில ஆண்டுகளில் எல்லாப் பாகங்களையும் நிஸானே செய்யக் கற்றுக்கொண்டது. அந்தப் பயிற்சியின் பின்னர்தான் 1966இல் டட்சன் சனியும் அதன் ஏ வகை எஞ்சினும் வந்தன. பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டிப் பழகியவர்கள் பின்னாளில் உலகுக்கே எஞ்சின் விற்றார்கள். பூட்டும் வேலையைத் தாழ்வாக நினைக்கும் நம் இளைஞர்கள் இதை மனதில் வைப்பது நல்லது.

அரை நாள் வேலையும் ஒரு மாத வேலையும்

நான் போயிருந்த பட்டறையில் 1098 சி.சி. மொரிஸ் மைனர் ஒன்று நின்றது. பழைய எஞ்சின் கழற்றப்பட்டு, நிஸான் ஏ12 எஞ்சின் சங்கிலிக் கப்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டறை உரிமையாளர் அறுபது வயதைத் தாண்டியவர். “எவ்வளவு நாள் வேலை அண்ணை?” என்று கேட்டேன்.

“காக்கா, எஞ்சினைத் தூக்கி உள்ளுக்கை வைக்கிறது அரை நாள் வேலை. அதோடை கார் சமாதானமாய் ஓடுறதுக்குத்தான் ஒரு மாதம்” என்றார்.

அந்த ஒரு மாதத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான் பணம் போடுபவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் இடம். எஞ்சினின் ஒயில் தொட்டி முன்புறம் ஆழமா பின்புறம் ஆழமா என்று பார்க்க வேண்டும். அது முன் குறுக்குச் சட்டத்தில் இடிக்கக் கூடாது. ஸ்டியரிங் தண்டும் புகைக்குழாயும் ஒரே பக்கத்தில் வந்தால் சிக்கல். போனட் மூட வேண்டும். ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் இடைவெளி வேண்டும். இதற்குப் பிறகே எஞ்சின் தாங்கிகள் வெட்டி ஒட்டப்படும்.

இரண்டாவது, எஞ்சினுக்குப் பின்னால் வரும் பாகங்கள். புதிய கியர் பெட்டியின் நீளம் பழையதன் நீளமாக இராது. ஆகவே பின் அச்சுக்குப் போகும் புரொப்பலர் ஷாப்டை வெட்டிச் சுருக்க வேண்டும் அல்லது நீட்ட வேண்டும். வெட்டியதைச் சமநிலை பார்த்து ஒட்டாவிட்டால் வேகம் கூடும்போது வாகனமே நடுங்கும். பின் அச்சின் பற்சக்கர விகிதத்தையும் பார்க்க வேண்டும். 1098 சி.சி. மைனரில் அது 4.22. அதற்கு முந்திய 948 சி.சி. காரில் 4.55. அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாப்ட் நாலரைத் தடவை சுற்றுகிறது. மெதுவாக ஓடிய காருக்கு அது சரி. வலுவான எஞ்சினை அதே விகிதத்தில் ஓட்டினால் எஞ்சின் வீணாகக் கத்தும், பெற்றோலும் வீணாகும்.

மூன்றாவது, மின்சாரம். பழைய பிரித்தானியக் கார்களில் பற்றறியின் நேர் முனையைத்தான் உடம்போடு இணைத்திருப்பார்கள். ஜப்பானியக் கார்களில் எதிர் முனை. பழைய டைனமோ போய்ப் புதிய ஒல்டனேட்டர் வரும்போது பற்றறித் தொடுப்பை மாற்ற மறந்தால், ஒல்டனேட்டரின் உள்ளுறுப்பு அந்தக் கணமே கருகிவிடும். வானொலி, சில மீட்டர்கள் என்பவற்றையும் இதற்கேற்ப மாற்ற வேண்டும். ஐம்பது வருடத்துப் பழைய வயரில் புதிய ஒல்டனேட்டரின் மின்னோட்டத்தை விடுவதும் ஆபத்து. வயரிங்கை முழுதாக மாற்றுவதே பாதுகாப்பு.

நான்காவது, பிரேக். பணத்தைச் சேமிக்க நினைப்பவர் முதலில் கை வைக்கும் இடமும் இதுவே. மொரிஸ் மைனர் 1948இல் வந்தபோது அதன் வலு 30 குதிரைக்கும் குறைவு. கடைசியாக வந்த 1098 சி.சி. காரிலேயே அது 48தான். பிரேக்கும் அதற்கேற்ற டிரம் பிரேக். ஏ12 எஞ்சின் ஏறக்குறைய 70 குதிரை வலு தரக்கூடியது. மணிக்கு 50 கிலோமீற்றரில் ஓடும் வாகனத்தை நிறுத்துவதை விட, 100 கிலோமீற்றரில் ஓடும் அதே வாகனத்தை நிறுத்துவதற்குப் பிரேக் நான்கு மடங்கு சக்தியை உறிஞ்ச வேண்டும். வேகம் இரண்டு மடங்கு, வேலை நான்கு மடங்கு. இது பௌதிக விதி. பேரம் பேசிக் குறைக்க முடியாது.

அந்தப் பட்டறையில் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போடச் சம்மதிக்காதவருக்குப் பெரிய எஞ்சின் பொருத்திக் கொடுப்பதில்லை. “ஓட வைக்கிறது என்ரை வேலை, நிப்பாட்ட ஏலாட்டில் அதுவும் என்ரை பழிதான்” என்றார் உரிமையாளர். வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்புவது எந்தத் தொழிலாளிக்கும் இலகுவல்ல. ஆனால் அவரிடம் வேலை குறையவில்லை. அவருடைய மறுப்பே அவருக்கு நம்பிக்கையைச் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது. நம்மவர்கள் அமானிதம் என்று சொல்வதும் இதைத்தான்.

நவீன எஞ்சினின் மூளை

மேலே சொன்னது காபரேட்டர் உள்ள எஞ்சினின் கதை. இன்றைய எஞ்சின்கள் வேறு மாதிரி. அவற்றுக்குக் கணினி மூளை உண்டு. ஈ.சி.யூ. என்று சொல்வார்கள். எஞ்சினைச் சுற்றிப் பல உணரிகள் காற்றின் அளவு, நீரின் வெப்பம், சுழலும் வேகம், புகையில் மிஞ்சிய ஒட்சிசன் என்பவற்றை அளந்து அந்த மூளைக்கு அனுப்பும். எவ்வளவு பெற்றோல் தெளிப்பது, எந்தக் கணத்தில் தீப்பொறி விடுவது என்பதை அது தீர்மானிக்கும். எஞ்சின் முழுதாக இருந்தாலும் மூளையோ ஓர் உணரியோ இல்லையென்றால் எஞ்சின் ஓடாது அல்லது ஒழுங்காக ஓடாது. சில வாகனங்களில் சாவியையும் மூளை அடையாளம் காண வேண்டும். பழைய காரின் பெற்றோல் பம்பும் உதவாது. தெளிகருவி எஞ்சின்களில் பலவற்றுக்கு வளிமண்டல அமுக்கத்தைப் போல மூன்று மடங்களவு அமுக்கம் தரும் பம்ப் தேவை. அந்த அமுக்கத்தைத் தாங்கும் குழாய்களும் தேவை.

புடவை வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததை இங்கே சொல்ல வேண்டும். தகப்பனாரின் ஓஸ்டின் கேம்பிரிட்ஜ் காருக்கு நவீன எஞ்சின் போட விரும்பினார். கொழும்பில் ஓர் இடத்தில் மலிவாகக் கிடைத்தது என்று தெளிகருவி எஞ்சின் ஒன்றை வாங்கினார். எஞ்சின் நல்லதுதான். ஆனால் வயர்க் கட்டு பாதியில் வெட்டப்பட்டிருந்தது. மூளை இல்லை. விற்றவர் கொடுத்த துண்டில் எஞ்சின் இலக்கமும் எழுதப்படவில்லை. எட்டு மாதங்கள் கார் ஜக்கியில் நின்றது. காணாமல் போன பாகங்களைத் தேடி வாங்கியதில், பெருநாள் விற்பனைக்குத் துணி எடுக்க வைத்திருந்த முதலிலும் கை வைக்க வேண்டி வந்தது. கடைசியில் கொக்குவில் பட்டறைக்காரர் சொன்ன யோசனைப்படி அந்த எஞ்சினை நட்டத்துக்கு விற்றுவிட்டு, கியர் பெட்டியோடு சேர்ந்த காபரேட்டர் எஞ்சின் ஒன்றைப் பற்றுச்சீட்டோடு வாங்கினார். இப்போது கார் ஓடுகிறது. ஆனால் முதலில் மலிவென்று நினைத்த எஞ்சினால் அவருடைய கடையின் ஒரு பருவ வியாபாரமே பாதிக்கப்பட்டது.

ஆகவே நவீன எஞ்சின்தான் வேண்டும் என்பவர்கள் ‘ஹாஃப் கட்’ எனப்படும் முன்பாதியை முழுதாக வாங்குவது நல்லது. எஞ்சின், கியர் பெட்டி, மூளை, வயர்க் கட்டு, உணரிகள், சாவி எல்லாம் ஒரே வாகனத்திலிருந்து வர வேண்டும். பஞ்சிகாவத்தையில் பாகம் பாகமாகத் தேடி அலைவதை விட இதில் செலவு குறைவு.

கடதாசி இல்லாத எஞ்சின்

இலங்கையில் வாகனப் பதிவுப் புத்தகத்தில் சேஸி இலக்கத்தோடு எஞ்சின் இலக்கமும் உண்டு. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ்தான் பதிவு நடக்கிறது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆதாரம் இல்லாமல் போனால் அங்கே நாம் பதில் சொல்ல முடியாது.

“யார் வந்து போனட்டைத் திறந்து பார்க்கப் போகிறார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. விபத்து நடந்த மறுநாள் காப்புறுதிக் கம்பனியின் மதிப்பீட்டாளர் திறந்து பார்ப்பார். வாகனத்தை விற்கும்போது வாங்குபவர் பார்ப்பார். லீசிங் கம்பனி பார்க்கும். எஞ்சின் திருட்டு வாகனத்தினது என்றால் பொலிஸார் பார்ப்பார்கள். 2022 எரிபொருள் நெருக்கடியில் கியூ.ஆர். முறை வந்தபோது, பதிவு விபரங்கள் சரியாக இல்லாத வாகனக்காரர்கள் பட்ட பாட்டை நாம் கண்ணால் கண்டோம். பதிவைத் திருத்தாத வாகனத்தில் போட்ட பணத்தை விற்பனையின்போது திரும்ப எடுக்க முடியாது. அதை வியாபாரி ஒரு சொத்தாகக் கணக்கில் எழுதவும் கூடாது.

கணக்கை எப்படிப் போடுவது?

கொக்குவில் உரிமையாளரிடம் நண்பர்களுக்குச் சொல்ல ஓர் அளவுகோல் கேட்டேன். “எஞ்சினுக்குக் குடுத்த காசு எவ்வளவோ, குறைஞ்சது அவ்வளவை இன்னொருக்கால் கையிலை வைச்சுக்கொண்டு வரச் சொல்லுங்கோ” என்றார். அது அவரது அனுபவக் கணக்கு. வாகனத்துக்கு வாகனம் மாறும். ஆனால் எஞ்சின் விலையோடு கணக்கை முடித்துக்கொள்பவர் நடுவழியில் நிற்பார் என்பது நிச்சயம். ஆகவே நான் சொல்லும் ஒழுங்கு இதுதான்.

முதலில் உடம்பைப் பரிசோதியுங்கள். சட்டகமும் தரைத் தகடும் உக்கியிருந்தால் எஞ்சினைப் பற்றிப் பேசவே வேண்டாம். இரண்டாவது, மெக்கானிக்கைத் தீர்மானித்த பின்னரே எஞ்சினை வாங்குங்கள். எஞ்சினை வாங்கி வைத்துக்கொண்டு ஆள் தேடக் கூடாது. மூன்றாவது, எஞ்சின், இணைப்பு வேலை, குளிரூட்டல், வயரிங், பிரேக், பதிவு என்று ஆறு தலைப்பில் செலவை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நான்காவது, பணத்தை ஒரே தடவையில் கொடுக்காதீர்கள். எஞ்சின் உட்கார்ந்ததும் ஒரு பங்கு, ஸ்டார்ட் ஆனதும் ஒரு பங்கு, வீதியில் ஓடிச் சோதித்ததும் ஒரு பங்கு என்று பிரித்துக் கொடுங்கள். மெக்கானிக்கின் கூலியையும் அவ்வாறே தாமதமின்றிக் கொடுங்கள். பாதி வேலையில் அவருக்குப் பணம் கிடைக்காவிட்டால் அவர் அடுத்த வாகனத்துக்குப் போய்விடுவார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஐந்தாவது, எஞ்சின் பற்றுச்சீட்டில் எஞ்சின் இலக்கம், விற்றவரின் கடை முத்திரை, திகதி மூன்றும் இருக்க வேண்டும்.

தினமும் நூறு கிலோமீற்றர் ஓடிப் பொருள் விநியோகிக்க வேண்டியவருக்கு இந்த வழியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அவருக்குத் தேவை, பழுதானால் எந்தச் சந்தியிலும் பாகம் கிடைக்கும் சாதாரண வாகனம். நல்ல உடம்புள்ள பழைய வாகனத்தைக் கையில் வைத்திருப்பவர், அவசரம் இல்லாதவர், நம்பகமான பட்டறை பக்கத்தில் உள்ளவர், இந்த மூவகைக்கும் பொருந்துபவர் துணிந்து செய்யலாம்.

பட்டறைக்குள் இருக்கும் இன்னொரு வியாபாரம்

இவ்விடயத்தில் நமது வியாபாரிகள் கவனிக்காத ஒரு வாய்ப்பும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ல்ஸ் வேர் என்பவர் மொரிஸ் மைனர் நிலையம் ஒன்றை நடத்தினார். பழைய மைனர்களைப் புதுப்பித்து, வலுக்கூடிய எஞ்சின், ஐந்து கியர் பெட்டி, டிஸ்க் பிரேக் என்பவற்றை அளவெடுத்த தொகுதிகளாகப் பொருத்திக் கொடுத்தார். 1990களில் அவருடைய முயற்சி இலங்கைக்கும் வந்தது. இங்கே டியூரபிள் கார் கம்பனி என்ற பெயரில் மொரிஸ் மைனரின் தகடுகள் செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. இங்கிலாந்தில் பிறந்த காருக்கு இலங்கைத் தொழிலாளியின் கையால் செய்த தகடு போயிற்று.

கொக்குவில் பட்டறையில் ஒவ்வொரு காருக்கும் எஞ்சின் தாங்கியைப் புதிதாக அளந்து, வெட்டி, ஒட்டுகிறார்கள். அடுத்த மைனர் வரும்போது மறுபடியும் முதலிலிருந்து. அந்த அளவுகள் உரிமையாளரின் தலைக்குள் இருக்கின்றன, எந்தக் கடதாசியிலும் இல்லை. அதே தாங்கியையும், அளவான ஷாப்டையும், வயர்க் கட்டையும், பிரேக் இணைப்பையும் ஒரு தொகுதியாகச் செய்து பெட்டியில் போட்டால், மாத்தறையில் இருக்கும் மைனர்காரரும் வாங்குவார். வெளிநாட்டில் இருக்கும் பழைய கார்ப் பிரியரும் வாங்கக்கூடும். பட்டறைக்காரரிடம் திறமை இருக்கிறது, முதல் இல்லை. நம்மவர்களிடம் முதலும் விற்பனைத் தொடர்பும் இருக்கின்றன, அளவுகள் இல்லை. இருவரும் சேர்ந்தால் நல்லதொரு கூட்டுத் தொழில்.

ஆனால் காலம் அதிகம் இல்லை. அந்தப் பட்டறையில் அன்று வேலை செய்த நால்வரில் இருவர் ஐம்பதைத் தாண்டியவர்கள். ஒரே இளைஞர் வெளிநாடு போகப் பத்திரம் போட்டிருக்கிறார். உரிமையாளரின் பிள்ளைகள் வேறு தொழிலில் இருக்கிறார்கள். தட்டுப்பாட்டுக் காலத்தில் கற்ற கைத்திறன், தட்டுப்பாடு நீங்கியதும் தானாகக் கரைந்துவிடும். அதை எழுதி, அளந்து, விலை போட்டு வைத்தால் மட்டுமே மிஞ்சும்.

நான் கொழும்புக்குத் திரும்புமுன் அந்த உரிமையாளரிடம் ஒரு கோரிக்கை வைத்தேன். அடுத்த மைனருக்கு எஞ்சின் தாங்கி வெட்டும்போது தகட்டின் அளவுகளை ஒரு கொப்பியில் வரைந்து வைக்கும்படி கேட்டேன். ஒரு பிரதியை எனக்கு அனுப்பச் சம்மதித்திருக்கிறார். அந்த அளவில் பத்துச் சோடித் தாங்கிகளை இங்கே செய்வித்துப் பார்ப்பதற்கான செலவை இப்போது கணக்கிட்டுக்கொண்டிருக்கிறேன். இதில் ஆர்வமுள்ள உதிரிப்பாக வியாபாரிகள் தங்கள் ஊர்ப் பட்டறைகளிலும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.